லோடு வண்டிக்கு கியர் ஆயில்: வாசலிலா, கம்பெனியிலா?

அரிசி மூட்டையில் ஈரம் இருந்தால் கை வைத்ததும் சொல்லிவிடுகிறோம். பருப்பில் கலப்படம் இருந்தால் பார்வையிலேயே தெரிகிறது. அந்த மூட்டைகளைச் சுமந்து வரும் வண்டியின் கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா, வற்றிவிட்டதா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் டிரைவரைத்தான் பார்ப்போம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2018 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு கோயம்பேட்டிலிருந்து மைதா, சர்க்கரை, எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு முசரவாக்கம் திரும்பும் வழியில், சுங்குவார்சத்திரம் தாண்டியதும் எங்கள் குட்டி யானை நின்றுவிட்டது. கியர் எதிலும் விழவில்லை. டிரைவர் தம்பி இரண்டு மாதமாகவே, "முதலாளி, மூணாவது கியர்ல ஒரு ஊளை கேக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தீபாவளி போகட்டும்" என்றோம். பெட்டியைப் பிரித்தபோது ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கி, பேரிங் போய், இரண்டு பல் உடைந்திருந்தது. நெசவாளர் வீடுகள் வருடத்துக்கு ஒருமுறை கை நிறையச் சாமான் வாங்கும் வாரத்தில் எங்கள் கடையில் மைதா இல்லை. அந்தப் பழுதுக்குக் கொடுத்த பணத்தில் பத்து வருடத்துக்கு கியர் ஆயில் மாற்றியிருக்கலாம்.

என்ஜின் ஆயில் போல கியர் ஆயில் சீக்கிரம் கெடுவதில்லை, அதனால்தான் மறந்துபோகிறது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி வேறு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதிக லோடு அடிப்பவர்கள் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுவது நல்லது. 2021 நவம்பரில் பாலாறு பெருகியதுபோல் வெள்ளம் வரும் காலத்தில் தரைப்பாலத்து நீரில் வண்டி இறங்கியிருந்தால், கணக்குப் பார்க்காமல் உடனே திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் புகுந்த எண்ணெய் பால் டீ நிறத்தில் வரும்.

வாசலில் மாற்றுவது பெரிய வித்தையல்ல. பத்து நிமிடம் வண்டியை ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு, சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். முதலில் திறக்க வேண்டியது பக்கவாட்டில் உள்ள, எண்ணெய் ஊற்றும் நட்டு. கீழ் நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால், வண்டி வாசலிலேயே கிடக்கும். வடிந்த எண்ணெயை உற்றுப் பாருங்கள். நட்டின் காந்தத்தில் மை போல் பொடி ஒட்டியிருந்தால் பயமில்லை. சில்லு சில்லாக இரும்பு வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். வாஷரைப் புதிதாக மாற்றி, கைப்பம்பால் ஊற்றும்போது, மேல் துவாரத்தின் விளிம்பில் எண்ணெய் தளும்பியதும் நிறுத்திவிடலாம்.

ஏமாறுவது கேன் விஷயத்தில்தான். கேனில் 80டபிள்யூ-90 போன்ற பருமன் எண்ணும், ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்ற தரமும் அச்சிட்டிருக்கும். 5 பெரியது, ஆகவே உயர்ந்தது என்று சில ஷெட்டுகளில் எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றுகிறார்கள். ஜி.எல்.-5 பெரும்பாலும் பின் ஹவுசிங்குக்கு உரியது. அதில் சேரும் கந்தக மருந்து சில கியர் பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரித்துவிடும். ஷெட்டுக்காரர் டிரம்மில் வைத்திருப்பதை ஊற்ற விடாமல், புத்தகத்தில் சொன்ன கேனை நாமே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நிற்க வேண்டும்.

வாரண்டி உள்ளவரை கம்பெனி டீலரிடம் போவதே எங்கள் கட்சி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்து, வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்காடின. அது கார்களைப் பற்றிய உத்தரவு. நம் லோடு வண்டிக்கு அதை நீட்டிக்கொண்டு டீலரிடம் வாதாடிக்கொண்டிருந்தால் கடையை யார் பார்ப்பது?

டீலர் பில்லில் இன்னொரு லாபம் உண்டு. சரக்கு வண்டியின் பராமரிப்புக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, முறையாக வரி கட்டும் வியாபாரி உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. பதிவு பெற்ற ஷெட்டில் வரி பில் கொடுத்தாலும் இந்தக் கழிவு உண்டு. துண்டுச் சீட்டுக்குக் கிடையாது.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் வாசல் பேச்சே வேண்டாம். நம் மாவட்டத்து ஒரகடத்திலேயே ஆலிசன் கம்பெனி லாரி, பஸ்களுக்கு அத்தகைய பெட்டிகள் செய்கிறது. அதில் எண்ணெய் வழவழப்புக்கு மட்டுமல்ல. அதன் அழுத்தத்தில்தான் கிளட்ச் தட்டுகளே பிடிக்கின்றன. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். தூசு ஆகாது. பவர் ஸ்டியரிங்குக்கு வைத்திருக்கும் சிவப்பு எண்ணெயைக் காட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், பழைய டின்னில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் சேர்க்க வேண்டும். எங்கள் வண்டியின் கதவு உட்புறத்தில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் பெயிண்டால் எழுதியிருக்கிறது. அடுத்தது பங்குனியில். கேன் வாங்கி கல்லாவுக்குப் பின்னால் வைத்தாயிற்று.