யாருடைய 350?

பழைய அமெரிக்கக் காரின் பானட்டை முதல்முறை தூக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு, பட்டறையிலேயே தலை நரைத்த ஒருவன் சொல்லிவைப்பது.

1. விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள், நம்பிவிடாதே. பெயிண்டையும் நம்பாதே. ஷெவ்ரலே வி8 என்றால் ஆரஞ்சு, 1966-க்குப் பிந்தைய ஃபோர்டு என்றால் நீலம் என்பதெல்லாம் பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த ஆரஞ்சும் நீலமும் இன்று ஸ்பிரே டப்பாவில் கிடைக்கின்றன. ஏர் கிளீனர் மேல் ஸ்டிக்கர், பளபளக்கும் டேப்பட் கவர், முன் மட்கார்டில் 327 என்று எழுதிய தகடு எல்லாமே ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடக்கூடியவை. நீ தேட வேண்டியது பிளாக்கின் இரும்பில் எழுதியிருப்பதை.

2. "350 இன்ஜின்" என்று யாராவது சொன்னால் "யாருடைய 350?" என்று கேள். அமெரிக்கர்கள் இன்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்வார்கள். ஒரு கன அங்குலம் 16.39 சிசி; ஆக 350 என்றால் ஏறக்குறைய 5.7 லிட்டர். தொல்லை என்னவென்றால், ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே வீட்டுக்குள் ஷெவ்ரலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக் நான்கு பேரும் ஆளுக்கொரு 350 செய்தார்கள். ஷெவ்ரலேயில் போர் (சிலிண்டரின் விட்டம்) 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. போன்டியாக்கில் 3.875, 3.75. ஓல்ட்ஸ்மொபிலில் 4.057, 3.385. பியூக்கிலோ போர் 3.80, ஸ்ட்ரோக் 3.85, போரைவிட ஸ்ட்ரோக் நீளம். கணக்குப் போட்டால் நான்கும் 350-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் ஒன்றின் ஹெட் இன்னொன்றின் மேல் உட்காராது. கேஸ்கெட் செட் வாங்கப் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் பணம் போயிற்று.

வண்டியின் பெயரை வைத்து முடிவுக்கு வரலாமா? அதுவும் கூடாது. 1977-இல் ஓல்ட்ஸ்மொபில் டெல்டா 88 வாங்கியவர்களில் பலருக்கு உள்ளே ஷெவ்ரலே 350 வைத்துக் கொடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் வழக்காகி, கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. கம்பெனி வைத்த இன்ஜினே இப்படியென்றால், ஐந்து கை மாறிய வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

3. முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே என்று பார். முன்னால் இருந்தால் ஃபோர்டாக இருக்கலாம். பின்னால், டாஷ்போர்டுச் சுவரை ஒட்டி இருந்தால் ஷெவ்ரலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபில் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இன்ஜினின் முன்பக்கம் எண்ணெய் ஊற்றும் குழாய் எழுந்து நின்றால் ஓல்ட்ஸ்மொபில் பக்கம் யோசி. கிரைஸ்லர் மட்டும் இரண்டு வழியும் போகும்: சிறிய வி8-இல் பின்னால், பெரியதில் முன்னால் சாய்ந்து. இது வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், ஆளை அல்ல.

4. அமெரிக்கப் புத்தகத்தில் "டிரைவர் பக்கம்" என்று போட்டிருந்தால் அது இடப்பக்கம். நம் ஊர் வழக்கத்தில் வலப்பக்கம் போய்த் தேடினால் எண் கிடைக்காது. சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது எது இடது, எது வலது என்பதே கணக்கு.

5. மண்ணெண்ணெய், பிரஷ், டார்ச், சின்னக் கண்ணாடி. இவை போதும். ஷெவ்ரலே ஸ்மால் பிளாக்கில் (1955-இல் 265 கன அங்குலமாகப் பிறந்த குடும்பம் அது) பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில், இடது ஹெட்டுக்குப் பின்னால் வார்ப்பு எண் புடைத்து நிற்கும். அங்கே பல வருட எண்ணெய் அழுக்குக் கெட்டித்திருக்கும், பொறுமையாகக் கழுவு. கம்பி பிரஷ்ஷை இந்த எண்ணில் போடலாம். அடுத்துச் சொல்லப்போகும் இடத்தில் போடவே கூடாது.

அந்த எண் 3970010 என்று வைத்துக்கொள். அடிக்கடி கண்ணில் படுவது அதுதான். 1969 முதல் 1979 வரை ஓடிய வார்ப்பு. 1969-இல் இதே எண்ணுள்ள பிளாக்கில் 302, 327, 350 மூன்றையும் கட்டினார்கள், மூன்றுக்கும் போர் 4 அங்குலம் என்பதால். ஜவுளிக்கடையில் துணித் தானில் ஒட்டிய சீட்டு என்ன துணி என்று சொல்லும், அதில் சட்டை தைத்தார்களா பாவாடை தைத்தார்களா என்று சொல்லாது. வார்ப்பு எண்ணும் அப்படித்தான். வலைவீசித் தேடி இந்த எண்ணைக் கண்டதும் "350 தான்" என்று துள்ளுகிறவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

6. மறுபாதி இரண்டு இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் பிளாக்கின் பின்புறம் வலப்பக்கம் வார்த்த தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். "எச் 14 9" என்றால் ஆகஸ்ட் 14, 1969. அல்லது 1979! இரண்டுக்கும் ஒரே 9 தான், 3970010 இரண்டு வருடத்திலும் உண்டு. இதைத் தீர்த்துவைப்பது முன்பக்க முத்திரை. வலது ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சிறிய தட்டையான மேடை உண்டு. ஆல்டர்னேட்டர் மறைத்துக்கொண்டு நிற்கலாம். அங்கே அடித்திருப்பதில் வி என்ற எழுத்து ஃபிளின்ட் தொழிற்சாலை, அடுத்து மாதமும் நாளும், கடைசி எழுத்துகள் எந்த வண்டிக்கு, எந்தக் கியர்பாக்ஸுக்கு, எவ்வளவு குதிரைச்சக்திக்கு என்பது. 1968 முதல் வண்டியின் சேசிஸ் நம்பரின் ஒரு பகுதியும் இன்ஜினில் சேர்ந்துகொண்டது. சேசிஸோடு இது ஒத்துப்போனால் "மேட்சிங் நம்பர்ஸ்" என்பார்கள், விலை ஏறிவிடும்.

7. விலை ஏறும் இடத்தில் பொய்யும் ஏறும். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் அந்த மேடையை இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் இருக்கின்றனவா என்று டார்ச்சைச் சாய்த்துப் பார். எழுத்து இருந்து கோடு இல்லையென்றால் யோசி. ஒன்றுமே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் மோசடி என்று கத்தாதே. கடைசல் பட்டறையில் பிளாக்கின் மேல்தளத்தை மட்டம் எடுத்தபோது எண்ணும் சேர்ந்து போயிருக்கும். கம்பி பிரஷ் கூடாது என்றது இந்த இடத்தில்தான்.

8. ஃபோர்டு ஆட்களுக்குச் சுருக்கமாக. 1960-களின் மஸ்டாங்கில் சேசிஸ் நம்பரின் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். கே என்றால் 271 குதிரைச்சக்தி 289. அது தொழிற்சாலையில் ஏற்றியது, இன்று உள்ளே இருப்பது அல்ல. வார்ப்பு எண் சி5ஏஇ என்று தொடங்கினால் சி 1960-களையும் 5 அதில் 1965-ஐயும் குறிக்கும். எஃப்இ என்ற ஃபோர்டு வி8 குடும்பத்தில் 352 என்று பிளாக்கில் புடைத்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே. 360-இலும் 390-இலும் கூட அதே 352 கிடக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, முதல் சிலிண்டரில் மரக்குச்சி விட்டு கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்று. குச்சி ஏறி இறங்குவது 3.5 அங்குலத்துக்கு அருகே என்றால் 390 இல்லை, 3.78-க்கு அருகே என்றால் இருக்கலாம்.

9. இந்தியாவில் ஓடிய பழைய டாட்ஜ், பிளிமத் வண்டிகளின் பானட்டைத் தூக்கினால் டீசல் இன்ஜின் சிரிக்கும். பெட்ரோல் விலைக்கு பயந்து மாற்றியது. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் டீசல்கள் இப்படிப் பல வண்டிகளுக்கு உயிர் கொடுத்தன. சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. அந்த டீசல் இல்லையென்றால் வண்டி எடைக்குப் போயிருக்கும்.

10. எண்களைப் படித்தாயிற்றா? இனி அந்த வருடத்துக்கென்று கம்பெனியே அச்சிட்ட ஷாப் மேனுவலைத் தேடி வாங்கு. ஷெவ்ரலேயில் இடப்பக்கம் 1, 3, 5, 7 என்று சிலிண்டர் எண். ஃபோர்டில் வலப்பக்கம் 1 முதல் 4. ஷெவ்ரலே ஸ்மால் பிளாக்கின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. மனப்பாடம் செய்யாமல், எட்டு ஒயரையும் கழற்றி நீயே மறுபடி மாட்டிப் பழகு. பல வருடம் நின்ற இன்ஜின் என்றால் சாவியைத் தொடாதே. பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் மாட்டிக் கையால் சுற்று. மறுத்தால் பலம் காட்டாதே, இன்னும் எண்ணெய் விடு.