பீரோ ஏன் சாயுது?

கண்ணு, அம்பத்தூர் ஓ.டி. மாடி போர்ஷனை வாடகைக்கு விட நீ அனுப்பின போட்டோவெல்லாம் பார்த்தேன். ஹால்ல பீரோ மேல போகப் போக வெளிப்பக்கமா சாயுது, வாசக்காலும் அப்படியே. வீட்டுல கோணல் இல்லை. புது டைல்ஸ் தெரியணும்னு போனைக் கீழ சாய்ச்சு எடுத்திருக்கே. அப்படி எடுத்தா நேர்க்கோடெல்லாம் கீழ நெருங்கி மேல விரியும். அண்ணாந்து எடுத்தா இதுக்குத் தலைகீழ்.

முடிஞ்சா மறுபடி எடுத்துடு. போனை நெஞ்சு உயரத்துல செங்குத்தாப் பிடி. கேமரா செட்டிங்ஸ்ல கிரிட் போட்டுக்கோ, வாசக்கால் அந்தக் கோட்டோட ஒட்டி நிக்கணும். ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு எடு, நிமிர்த்தும்போது அங்கதான் வெட்டுப்படும்.

பழைய படம்தான் கையில இருக்குன்னா ஸ்னாப்சீட் போதும், காசு கிடையாது. அதுல பெர்ஸ்பெக்டிவ்னு இருக்கும். ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு அதுவும் வேண்டாம், 2019-ல வந்த ஐ.ஓ.எஸ். 13-லேர்ந்து போட்டோஸ்ல கிராப்புக்குள்ளேயே இந்த வசதி உண்டு. விரலை மெதுவா நகர்த்து. கண்ணு வாசக்கால் மேலேயே இருக்கட்டும், திரைச்சீலையைப் பார்த்து அளந்தா ஏமாந்துடுவே. இடது ஓரத்துக் கோடும் வலது ஓரத்துக் கோடும் ஒரே பக்கமாச் சாய்ஞ்சிருந்தா, போனையே கோணலாப் பிடிச்சிருக்கேன்னு அர்த்தம். முதல்ல ரொட்டேட் பண்ணிட்டு அப்புறம் இதுக்கு வா. காலி மூலையை ஆப்பே நிரப்பித் தந்தா ஏத்துக்காதே, சில சமயம் இல்லாத கிரில் கம்பியெல்லாம் முளைக்கும். வெட்டிடு.

நிமிர்த்தி முடிச்சதும் எதிர்ச் சுவர்ல மாட்டியிருக்கற வட்டக் கடிகாரத்தைப் பாரு. முட்டை மாதிரி நீண்டிருந்தா படம் இழுபட்டிருக்கு. உயரத்தைக் கொஞ்சம் அமுக்கு, கடிகாரம் வட்டமாகிற இடத்துல நிறுத்து. நான் கடைசியா நம்பறது அந்தக் கடிகாரத்தைத்தான்.

இன்னொண்ணு, பெட்ரூமை 0.5 ஜூம்ல எடுத்திருக்கே. 10-க்கு 10 ரூம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு, ஓரத்துல இருக்கிற கட்டில் ரெண்டு மடங்கு நீளமாத் தெரியுது. இதை எடிட்டிங்ல முழுசாச் சரியாக்க முடியாது. வாசல்படிக்கு வெளியே நின்னு 1-லயே எடு, பாதி ரூம்தான் விழுந்தாலும் பரவாயில்லை. பூந்தமல்லியிலேர்ந்து கைக்குழந்தையோட பஸ் மாறி ஒருத்தி வீடு பார்க்க வருவா. தன்னோட கட்டிலும் பீரோவும் இங்க அடங்குமான்னு அவ கணக்குப் போடறது உன் படத்தை வச்சுத்தான். சாய்ஞ்ச சுவரை நிமிர்த்தறது உள்ளதைக் காட்டறது, ரூமை இழுத்துக் காட்டறது அவளை அலைக்கழிக்கிறது.

படத்துக்குக் கீழ 10-க்கு 10-னு அளவையும் போட்டுடு. லாஃப்ட் இருக்குன்னு எழுத மறந்துட்டே பாரு, அதையும் சேர்த்துக்கோ.