டிரவுட் ஆற்றுக்குத் தனியாக: லீவ் போடுவது முதல் தூண்டில் போடுவது வரை

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழருக்கு லீவ் என்றால் ஊர்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகவே ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். பொங்கல், தீபாவளி, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று வருஷத்துக் கணக்கு தீர்ந்துவிடும். காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இமயமலை என்பது தெரிந்தும் போகாதவர்களே அதிகம். மலையாற்றில் நின்று டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்ப, ஒரு வாரக் கடைசியும் மூன்று நாள் லீவும் போதும். துணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆனால் தனியாகப் போகிறவருக்கு ஒரு விதி உண்டு: முக்கியமான முடிவுகளையெல்லாம் டெல்லியிலேயே எடுத்துவிட வேண்டும். நாலு பேராகப் போனால் “போதும், கரையேறு” என்று சொல்ல ஒருவராவது இருப்பார். தனியாகப் போனால் அதையும் நீங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். மீன் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

முதலில் மாதம், பிறகு தேதி

பெரும்பாலோர் எந்த நாளில் லீவ் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு இடம் தேடுகிறார்கள். டிரவுட்டுக்கு இது சரிப்படாது. அது குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் மீன். இந்தியாவுக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. நீலகிரியில் 1863-லேயே பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1900-ல் காஷ்மீரில் கொண்டுவந்து விட்டது பிழைத்தது. 1909-ல் ஹோவெல் என்ற அதிகாரி குல்லு பள்ளத்தாக்கில் பண்ணை போட்டு வளர்த்தார். இன்று டெல்லியிலிருந்து நாம் தேடிப் போவது பெரும்பாலும் அந்தக் குல்லு வம்சத்து பிரவுன் டிரவுட்டைத்தான்.

இமாச்சலத்தில் டிரவுட் பிடிக்கும் பருவம் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம், அப்போது தடை. திறந்திருக்கும் எட்டு மாதமும் ஒரே மாதிரி இருக்காது. மே, ஜூனில் பனி உருகி ஆறு பெருகும். மதியத்துக்கு மேல் கலங்கல். ஜூலை, ஆகஸ்டில் பருவமழை, நிலச்சரிவு; அந்தப் பக்கமே போக வேண்டாம். மிஞ்சுவது இரண்டு ஜன்னல்கள்: மார்ச் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முடிய. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சில் பல ஆபீஸ்களில் லீவ் என்ற சொல்லையே எடுக்க முடியாது. ஆகவே, வேலையில் இருப்பவருக்கு அக்டோபர்தான் வாகான மாதம்: தெளிந்த நீர், குளிர்ந்த காலை, முட்டையிடும் காலத்துக்கு முன் பசியோடு திரியும் மீன்.

அக்டோபரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாடெங்கும் தசரா முடிகிற விஜயதசமியன்றுதான் குல்லு தசரா தொடங்கி ஏழு நாள் நடக்கும். அந்த வாரம் பஸ்ஸில் இடமிருக்காது, சாலை நகராது. பஞ்சாங்கத்தைப் பார்த்து அதைத் தவிர்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

எந்த ஆறு?

முதல் தடவை போகிறவருக்கு என் சிபாரிசு தீர்த்தன். குல்லு மாவட்டத்தில், 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரும் இமாலய தேசியப் பூங்காவுக்குள் பிறந்து, குஷைனி, நாகினி, பஞ்சார் வழியே ஓடி, லார்ஜி அருகே பியாஸில் கலக்கிறது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆளைப் பார்த்துப் பேசலாம் என்கிற அளவு அகலம். பாறையும் மடுவுமாக மாறி மாறி வரும். சாலை ஆற்றை ஒட்டியே போவதால் தனியாள் எங்கே நின்றாலும் ஊர்க்காரர் கண்ணில் படுவார்.

இன்னொரு காரணம் பெரிது. தீர்த்தனில் அணை இல்லை. இங்கேயும் சிறு நீர்மின் திட்டங்கள் வரவிருந்தன. முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் முன்னின்று நடத்திய எதிர்ப்பில் அவை கைவிடப்பட்டன. அதனால் எவனோ எங்கோ மதகைத் திறந்து தண்ணீர் பாய்கிற ஆபத்து இந்த ஆற்றில் இல்லை.

மண்டி மாவட்டத்து பரோட்டில் ஊல், ரோஹ்ரு பக்கம் பப்பர், சாங்லாவில் பஸ்பா ஆகியவை அடுத்தடுத்த வருஷங்களுக்கு. காஷ்மீரின் லிட்டரும் பிரிங்கியும் இவற்றைவிடப் பெயர்பெற்றவை. அங்கே ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிவாரியாக அனுமதி தருவார்கள். விமானம், முன்பதிவு என்று வேலை கூடும்; முதல் பயணத்துக்கு வேண்டாம்.

லீவ் கணக்கு

வெள்ளி இரவு பஸ். சனி காலை போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்து, மாலையில் ஆற்றைச் சுற்றிப் பார்ப்பது. ஞாயிறும் திங்களும் முழு நாள். செவ்வாய் காலை இரண்டு மணி நேரம் தூண்டில், இரவு பஸ். புதன் காலை டெல்லி. திங்கள், செவ்வாய் மட்டும் லீவ் போட்டு, புதன் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆபீஸ் போகலாம் என்று மனம் கணக்குப் போடும். போடாதீர்கள். மலைச்சாலையில் ஒரு பாறை உருண்டால் ஆறு மணி நேரம் போகும். புதனையும் லீவில் சேருங்கள். சாலை சரியாக இருந்தால் அன்று துணி துவைக்கலாம்.

மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு), 2 நாள் ஆர்.எச். (விருப்ப விடுமுறை) உண்டு. சி.எல். எடுக்கும்போது நடுவில் வரும் சனி, ஞாயிறு கணக்கில் சேராது. ஒரு ஆர்.எச்.-ஐ ஒட்டவைத்தால் சி.எல். இரண்டோடு முடியும். ஊரை விட்டுப் போகும் அனுமதியையும் கூடவே கேளுங்கள். அந்தப் படிவத்தில் தங்கும் முகவரியும் போன் நம்பரும் எழுத வேண்டியிருக்கும். எல்லோரும் அதை ஏனோதானோவென்று நிரப்புவார்கள். தனியாகப் போகிறவருக்கு அது உயிர்க்காப்பு ஆவணம். விடுதியின் பெயர், ஊர், விடுதிக்காரர் நம்பர் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள்.

குருகிராம், நொய்டா தனியார் கம்பெனிகளில் இருப்பவர்கள் ஆறு வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும். காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை இறந்துபோன பாட்டியை மறுபடி சாகடிக்க வேண்டாம். வெயிலில் கறுத்த முகமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் காட்டிக்கொடுத்துவிடும். “சார், அக்டோபர் இரண்டாம் வாரம் மூன்று நாள் மலைக்குப் போகிறேன், போன் எடுக்காது, என் வேலையை யார் பார்ப்பார் என்று இந்த வாரமே எழுதித் தருகிறேன்.” இப்படிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

எழுதித் தரும் மெயிலில் ஐந்து விஷயம் போதும்: கையில் இருக்கும் வேலை எந்த நிலையில் இருக்கிறது, நான் இல்லாதபோது யார் பொறுப்பு, எது எனக்காகக் காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது, எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திரும்ப போனில் கிடைப்பேன். ‘அவசரம் என்றால் கூப்பிடுங்கள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். பள்ளத்தாக்கின் உள்ளே சிக்னலை நம்ப முடியாது. எடுக்காத போனைவிட ‘எடுக்காது’ என்று முன்பே சொன்ன போன் மேல்.

வழி, தங்குமிடம், உரிமம்

காஷ்மீரி கேட் ஐ.எஸ்.பி.டி.யிலிருந்து மணாலி செல்லும் இமாச்சல் அரசு வோல்வோவில் ஏறி, ஔட் சுரங்கப்பாதை அருகே இறங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம். இருட்டோடு வந்துவிடும் இடம் என்பதால் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் குல்லுவில்தான் கண் விழிப்பீர்கள். ஔட்டிலிருந்து பஞ்சார் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, டாக்ஸியும் உண்டு. விடியாத நேரத்தில் தனியாக இறங்குபவர் விடுதியிலிருந்து வண்டி அனுப்பச் சொல்வது நல்லது.

தூண்டில் போட மீன்வளத் துறையின் உரிமம் கட்டாயம். நாள் கணக்கில் தருவார்கள். எத்தனை மீன் எடுக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும் என்பதை உரிமம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்காது. அறையைப் பதிவு செய்யும்போதே, உரிமம் வாங்கித் தர முடியுமா என்று விடுதிக்காரரைக் கேளுங்கள். முதல் நாளுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அப்போதே பேசிவிடுங்கள். தனியாகப் பயணம் போவது வேறு, தெரியாத ஆற்றில் தனியாக இறங்குவது வேறு.

சாமான் குறைவு, பயிற்சி அதிகம்

டிரவுட்டுக்கு நாம் போடப்போகும் தூண்டில் முறை ஃப்ளை ஃபிஷிங். இதில் இரைக்கு எடை இல்லாத மாதிரிதான். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்த பொய் இரை அது. நரம்பின் எடைதான் அதைச் சுமந்து போகும். ஆகவே கழியும் நரம்பும் பொருந்த வேண்டும். 9 அடி நீளம், 5-ஆம் எண் கழி. அதே எண்ணில் மிதக்கும் நரம்பு. நுனியில் மெலிந்துகொண்டே போகும் 9 அடி லீடர். லீடர் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான டிப்பெட், 4எக்ஸ், 5எக்ஸ் ஒவ்வொரு சுருள். நான்கு துண்டாகப் பிரியும் கழி என்றால் பஸ்ஸில் தலைக்கு மேல் வைத்துவிடலாம். நீருக்குள் மூழ்கிப் போகும் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் நிம்ஃப் வகைகளில் 12 முதல் 16 எண் வரை ஒரு டஜன், மிதக்கும் ஃப்ளை அரை டஜன். இதற்கு மேல் வாங்குவது கடைக்காரருக்கு லாபம். வழுக்காத காலணியும் ஊன்றுகோலும் மட்டும் விலை பார்க்காமல் வாங்க வேண்டியவை.

போவதற்கு முன் ஒரு மாதம், காலனிப் பூங்காவில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி செய்யுங்கள். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, பத்து மீட்டரில் வைத்த தட்டில் விழவைக்க வேண்டும். வாக்கிங் போகும் மாமாக்கள் நின்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். லீவ் நாளில் ஆற்றில் நின்று வீசப் பழகுவதைவிட இது மலிவு.

ஆற்றில் முதல் காலை

டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கித் தலைவைத்து நிற்கும். ஆகவே அதன் பின்னாலிருந்து, கீழ்ப்புறமிருந்து மேலே நடந்து வாருங்கள். முதல் பத்து நிமிஷம் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். பாறைக்குப் பின்னால் நீர் தளர்ந்து, அதை ஒட்டி வேக ஓட்டம் கோடு கிழித்தது போல் போகும் இடத்தைத் தேடுங்கள். தளர்ந்த நீரில் நின்றபடி, ஓட்டம் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிப்பது அதன் வழக்கம். அந்தக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் மேலே நிம்ஃபை விழவைத்து, நரம்பு இழுக்காமல், நீரின் வேகத்திலேயே இறங்கி வரவிடுங்கள். நரம்பு அரை நொடி தயங்கினாலும் கழியை உயர்த்துங்கள். பாதி தடவை அது கல். மீதிப் பாதிக்காகத்தான் வந்திருக்கிறோம்.

விடப்போகிற மீன் என்றால் கொக்கியின் எதிர்முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருக்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். படம் எடுக்கிற சாக்கில் அதைக் காற்றில் தொங்கவிடாதீர்கள்.

எழுதி எடுத்துப் போக வேண்டிய விதிகள்

ஒன்று: முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை.

இரண்டு: காலையில் கடந்த ஓடையை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். ஆகவே சாலை இருக்கும் கரையை விட்டு மாறுவதில்லை.

மூன்று: தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, கழியைப் போட்டுவிட்டாவது மேலே ஏறுவது. தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், மழை மேலே மலையில் பெய்திருக்கும்.

நான்கு: பியாஸில், அணைக்குக் கீழே, எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றுப் படுகையில் இறங்குவதில்லை. 2014 ஜூன் 8 அன்று தலௌட் அருகே படம் எடுக்க இறங்கிய ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அடித்துக்கொண்டு போனது. உங்கள் பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

ஐந்து: எந்தப் பகுதிக்குப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் எத்தனை மணிக்குத் தேட வேண்டும் என்று தினமும் விடுதியில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது. அவசர எண் 112. பஞ்சாரில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

போகாமல் இருப்பதும் திட்டம்தான்

கடைசி முடிவு, புறப்படும் வெள்ளிக்கிழமை மதியம். சிம்லா வானிலை மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை தருகிறது. குல்லு அல்லது மண்டிக்கு ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் பயணம் ரத்து. 2023 ஜூலை வெள்ளத்தில் இதே நெடுஞ்சாலை பல இடங்களில் பியாஸோடு போனது. டிக்கெட் பணம் போகும், அறை முன்பணமும் போகலாம். அதைப் பயணச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் ரத்து செய்யக் கை வரும்.

அன்று மதியமே மேலதிகாரியிடம் போய், “சார், மலையில் மழை, லீவை ரத்து செய்கிறேன், திங்கள் வருகிறேன்” என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த பொறுப்புப் பட்டியல் அப்படியே இருக்கும், தேதி மட்டும்தான் மாறும். அக்டோபர் 31-க்குள் இன்னொரு வாரம் கேட்டுப் பாருங்கள். லீவைத் தானாகத் திருப்பிக் கொடுத்த ஆளுக்கு அடுத்த முறை கையெழுத்து சீக்கிரம் விழும்.