ஏழு அந்தர் வளையமும் இரண்டு பேரும்

இடம்பெயர்ந்திருந்த குடும்பமொன்று தன் காணிக்குத் திரும்பியதும் முதலிற் போய்ப் பார்ப்பது கிணற்றைத்தான். கட்டு இடிந்து உள்ளே விழுந்திருக்கும். பழைய வளையங்கள் வெடித்திருக்கும். (கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியில் கிணற்றிலோ கற்குவியலிலோ கைவைக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.) துப்புரவாக்கிய பின் புதிய கொங்கிறீற் வளையங்களை இறக்க வேண்டும். உள்ளகலம் 3 அடியும் உயரம் 2 அடியும் தடிப்பு 3 அங்குலமும் கொண்ட ஒரு வளையம் ஏறக்குறைய 7 அந்தர் நிறை இருக்கும். முன்பென்றால் அயலெல்லாம் கூடி இறக்கியிருப்பார்கள். அயலிற் பாதிப்பேர் திரும்பாத இடத்தில், வீட்டில் இருப்பது ஒரு தாயும் வளர்ந்த மகனும் மட்டுமே என்றால் என்ன செய்வது?

இரண்டு பேரால் அதைச் செய்யலாம். அதற்கான கருவி 1850களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டு பாவிப்பது நல்லது. விளங்காமற் பாவித்தால் உயிராபத்து.

அலவாங்கை எல்லோரும் அறிவோம். அந்தச் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் அதன் பொருள் நெம்புகோல் என்பதுதான். அலவாங்கால் கல்லொன்றைக் கிளப்பும்போது கை இரண்டடி இறங்க, கல் இரண்டு அங்குலம் எழும்புகிறது. எந்தப் பொறியும் பலத்தைச் சும்மா தருவதில்லை. பலத்திற் குறைத்ததைத் தூரத்திற் கொடுத்தாக வேண்டும்.

கிணற்றுக் கப்பியோ அதுகூடச் செய்வதில்லை. மேலே கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும். 7 அந்தருக்கு 7 அந்தர் பலத்தையே கொடுக்க வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் வளையம் 7 அந்தர், மறுபக்கம் இழுப்பவர்கள் 7 அந்தர். ஆகவே கப்பி தொங்கும் மரம் 14 அந்தரைத் தாங்குகிறது. வளையத்தின் நிறையை மட்டும் கணக்கிட்டுப் போட்ட மரம் முறிவது இதனாலேயே. நாம் பார்த்த ஒரு கிணற்றில் மரம் முறியவில்லை, ஆட்கள்தான் தளர்ந்தார்கள். ஆறுபேர் கயிற்றிற் பிடித்திருக்க, ஒருவர் சேற்றில் வழுக்கினார். மற்ற ஐவரின் உள்ளங்கைகளும் கயிற்றில் எரிந்தன. வளையம் விழுந்து, முன்பு இறக்கியிருந்த வளையத்தையும் உடைத்தது. கீழே ஆள் இல்லாதது தேவ கிருபை.

இதற்கொரு பழைய வழி சீன உருளை எனப்படும் கருவி. ஒரே உருளையின் ஒரு பாதி 8 அங்குல விட்டமாகவும் மறுபாதி 6 அங்குல விட்டமாகவும் இருக்கும். கயிறு பருத்த பாதியிற் சுற்ற, மெலிந்த பாதியிலிருந்து அவிழும். இடையில் தொங்கும் கப்பியிற் பாரம். ஒருமுறை சுற்றினால் 25 அங்குலக் கயிறு ஏறி 19 அங்குலம் இறங்கும். வித்தியாசத்தின் பாதியான 3 அங்குலமே பாரம் எழும்பும். தூக்குவது மிக இலகு. ஆனால் 10 அடி உயர்த்த 80 அடிக் கயிற்றை உருளையிற் சுற்ற வேண்டும். கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிவிடும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் ஆல்ட்றிட்ஜ் வெஸ்ரன் இந்தச் சிக்கலைத் தீர்த்தார். கயிற்றுக்குப் பதிலாக முனையே இல்லாத, வளையமாக மூட்டிய சங்கிலி. உருளைக்குப் பதிலாக ஒன்றாகப் பிணைத்த இரண்டு பற்சில்லுகள். ஒன்றில் 16 பல், மற்றதில் 15 பல் என வைத்துக்கொள்வோம். சங்கிலியை 16 கண்ணி இழுத்தால் பாரம் அரைக் கண்ணி எழும்பும். அதாவது 32க்கு ஒன்று. சுற்றிச் சேர்க்க எதுவுமில்லை.

பேர்மிங்ஹாமில் இதைச் செய்து விற்றவர்கள் ரான்ஜி சகோதரர்கள். கோர்ண்வோலிற் கமமும் சிறு கடையும் நடத்திய ஒருவரின் மக்கள். 1858 ஜனவரியில் நீரில் இறக்கப்பட்ட 'கிறேற் ஈஸ்ரேண்' என்ற மாபெரும் கப்பலைத் தள்ளியது அவர்களுடைய நீரியல் ஜக்குகளே. 1862 இல் லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் வெஸ்ரனின் கப்பியை 10 அந்தர் முதல் 3 தொன் வரை தூக்கும் ஐந்து அளவுகளில் வைத்தார்கள்.

இனி முக்கியமான விடயம். 32க்கு ஒன்று என்றால் 7 அந்தருக்கு ஏறக்குறைய 11 கிலோ இழுப்புப் போதும். உண்மையில் 25, 30 கிலோ தேவைப்படும். மிகுதி உராய்விற் போகிறது. பாதிக்கு மேல் வீணாகும் கருவியை யார் வாங்குவார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த உராய்வுதான் உங்களைக் காப்பது. கையை விட்டாலும் பாரம் தானாக இறங்காது. அதன் நிறையால் உராய்வை வெல்ல முடியாது. கயிற்றில் வழுக்கிய அந்த மனிதர் இந்தச் சங்கிலியைப் பிடித்து வழுக்கியிருந்தால் வளையம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். தாயும் மகனும் மாறிமாறி இழுக்கலாம், இடையில் தேநீரும் குடிக்கலாம்.

கராச்சுகளில் செயின் புளொக் என்று நீங்கள் காண்பது இதன் வழிவந்தது. அதிற் பல பற்சில்லுகள் இருப்பதால் உராய்வு குறைவு. ஆகவே பாரத்தைப் பிடித்து நிறுத்த உள்ளே தனியாக ஒரு தடுப்பு உண்டு. அதற்கும் வெஸ்ரன் பிறேக் என்றே பெயர். சங்கிலிக்கு எண்ணெய் இடலாம், இட வேண்டும். இலகுவாக ஓடட்டும் என்று தடுப்பின் தட்டுக்களுக்கும் எண்ணெய் விடுகிற பிள்ளைகள் உண்டு. அப்படிச் செய்தால் பாரம் நழுவும்.

ஒரு தொன் அளவுக் கருவி இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் சாதாரணமாகக் கிடைப்பவை 10 அடி வரையே இறக்கும். ஆழமான கிணற்றுக்கு நீண்ட சங்கிலியுள்ளதைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு வீடும் வாங்கத் தேவையில்லை. கமக்காரர் சங்கத்தில் ஒன்று இருந்தால் போதும். கிணற்றைச் சுற்றி மூன்று வைரமான மரங்களை நட்டு உச்சியிற் பிணைத்து, கால்கள் விரியாதபடி அடியிலும் கட்டுங்கள். கருவியின் சங்கிலியையே வளையத்தைச் சுற்றிக் கட்டக்கூடாது. வேறு வடத்தாற் கட்டிக் கொளுக்கியில் மாட்டவும். விரிந்த கொளுக்கி, நீண்டு மெலிந்த கண்ணி இருந்தால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆளை இறக்க இதை ஒருபோதும் பாவிக்காதீர்கள்.

20 அடி இறக்க 32 மடங்கு, அதாவது 640 அடிச் சங்கிலி கையால் ஓட வேண்டும். காலையிலேயே தொடங்குங்கள். முதலில் வளையத்தை நிலத்திலிருந்து அரையடி மட்டும் தூக்கி, கையை விட்டுச் சற்று நேரம் பாருங்கள். மரக்கால் புதைகிறதா, கட்டு இறுகுகிறதா, வளையம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின் கிணற்றுக்கு மேலே கொண்டுவந்து இறக்கத் தொடங்கலாம். அது அடியில் இருக்கும்வரை உள்ளே ஒருவரும் நிற்கக்கூடாது.