பாட்டுக்குள் வந்த வாகன நெரிசல்

பாட்டு கேட்க உங்களுக்குப் பிடிக்கும் அல்லவா? இந்த மாதம் பிரிட்டனின் சாலைப் பாட்டுகள் சிலவற்றிலிருந்து ஒரு பௌதிகக் கேள்விக்குப் போவோம், வாருங்கள்.

பிரிட்டனின் எம் 1 என்னும் அதிவேக நெடுஞ்சாலையின் முதற்பகுதி 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்தச் சாலையைப் பற்றி பி.பி.சி. வானொலி ஒரு பாட்டு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. ஈவன் மக்கால், பெக்கி சீகர், சார்லஸ் பார்க்கர் ஆகிய மூவரும் சாலை போட்ட தொழிலாளர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதனிடையே பாட்டுகளைக் கோத்திருந்தார்கள். அப்போது அந்தச் சாலையில் வேக வரம்பே கிடையாது! 1977-இல் டாம் ராபின்சன் குழுவினர் லாரி ஓட்டுநரின் இரவுப் பயணத்தைப் பாடினார்கள். கும்மாளமான பாட்டு அது.

ஆனால் கிறிஸ் ரியா என்ற பாடகரின் அனுபவம் வேறு. 1978-இல் கிறிஸ்துமஸுக்காக லண்டனிலிருந்து வடக்கே மிடில்ஸ்பரோவுக்கு அவர் மனைவி கார் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பனி கொட்டியது, வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. தெருவிளக்கின் வெளிச்சம் காருக்குள் விழுந்தபோதெல்லாம் வரிகளைக் குறித்துக்கொண்டாராம். அதிலிருந்து வந்த பாட்டை இன்றும் பிரிட்டனில் கிறிஸ்துமஸ்தோறும் கேட்கிறார்கள். 1989-இல் அவர் பாடிய இன்னொரு பாட்டோ சாலையை நரகத்துக்கே போகும் வழி என்கிறது! லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டர் நீளமுள்ள எம் 25 வளையச் சாலையின் நெரிசல்தான் அதற்குக் காரணம். அந்தச் சாலை முழுமையடைந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கார்கள் பெருகிவிட்டன, அதனால் நெரிசல் என்பீர்கள். சரிதான். ஆனால் ஒரு விந்தையைக் கவனியுங்கள். கார்கள் நிற்கின்றன, சற்று நேரத்தில் நகர்கின்றன. முன்னே சென்று பார்த்தால் விபத்தும் இல்லை, பள்ளமும் இல்லை. பின் எதற்காக நின்றன?

மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 31 மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகிறவர் பிரேக்கை லேசாகத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருகிறவர் அதைக் கண்டு, தாமும் பிரேக்கை அழுத்துவதற்குள் சிறிது நேரம் போய்விடுகிறது. அதற்குள் இடைவெளி குறைந்துவிடுவதால், முன்னவரைவிடச் சற்று அதிகமாகவே அழுத்துகிறார். மூன்றாமவர் அதற்கும் மேல். இப்படியே போனால் எங்கோ பின்னால் ஒருவர் வண்டியை அடியோடு நிறுத்த வேண்டியதாகிறது. முதலில் பிரேக்கைத் தொட்டவரோ இது எதுவும் தெரியாமல் வெகுதூரம் போயிருப்பார்.

நெரிசலின் முன்முனையிலிருந்து கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, பின்முனையில் புதியவை வந்து சேர்கின்றன. எனவே கார்கள் முன்னோக்கி ஓட, நெரிசல் மட்டும் பின்னோக்கி நகர்கிறது. அதாவது, நெரிசல் ஓர் அலை! 1955-இல் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்டு விதம் என்னும் இரு பிரிட்டிஷ் கணித அறிஞர்கள் சாலை நெரிசலை இவ்வாறு அலையாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகரும் முறையை ஆராய்ந்த அதே கணிதத்தைத்தான் கார்களுக்கும் பயன்படுத்தினார்கள்.

இதை நேரில் காட்டிய சோதனை ஒன்று ஜப்பானில் நடந்தது. முடிவுகள் 2008-இல் வெளியாயின. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடை ஏதும் வைக்கவில்லை. ஆயினும் சற்று நேரத்தில் சில கார்கள் நின்றுவிட்டன. அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்தது.

எம் 25-க்கும் ஒரு வைத்தியம் கிடைத்தது. 1995 முதல் அதன் ஒரு பகுதியில், கூட்டம் மிகும்போது வேக வரம்பை மணிக்கு 112-லிருந்து 96 அல்லது 80 கிலோமீட்டராகக் குறைத்துப் பலகைகளில் ஒளிரச் செய்தார்கள். எல்லோரும் ஒரே சீராகப் போனால் திடீர் பிரேக்குகள் குறையும். அலையும் எளிதில் எழாது. அவசரத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லி நம்ப வைப்பதுதான் கடினம்!

நீங்களும் செய்து பார்க்கலாம். மைதானத்தில் பெரிய வட்டம் ஒன்று வரைந்து, இருபது பேர் ஒருவர் பின் ஒருவராக நெருக்கமாக, ஆனால் முன்னவரைத் தொடாமல், வேகமாக நடந்து வாருங்கள். ஒருவர் மட்டும் ஒரே ஒருமுறை தயங்கி நடக்கட்டும். வட்டத்துக்கு வெளியே நிற்கும் நண்பர், அந்தத் தயக்கம் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளட்டும்.