மாடியேறும் பாட்டரி

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவர் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்துவது கீழே தெருவோரத்தில். அங்கே மின் இணைப்பு இல்லை. மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டால் பக்கத்து வீட்டார் சும்மா இருக்கமாட்டார்கள். ஆகவே, இருக்கையைத் தூக்கிப் பாட்டரியை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறுகிறார். இதற்கென்றே கைப்பிடி வைத்த பாட்டரிகள் இன்று பல வண்டிகளில் வருகின்றன. வசதியான ஏற்பாடுதான். ஆனால், வீட்டுக்குள் நுழையும் அந்தப் பெட்டி எத்தகையது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அதை எங்கே வைப்பது, எப்படி மின்னேற்றம் செய்வது என்று முடிவு செய்யவேண்டும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தனி உறுப்பு ஒன்றை மின்கலம் என்றும், பல மின்கலங்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டியைப் பாட்டரி என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

கணக்குக்காக 48 வோல்ட், 30 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரு பாட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,440 வாட்-மணி. அதாவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம். பெட்ரோல் மோட்டார் சைக்கிளில் விளக்குக்கும் ஹார்னுக்கும் இருக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 60 வாட்-மணிதான். 24 மடங்கு வேறுபாடு! எடை 12 கிலோகிராம் என்றால், அதை 9 மீட்டர் உயரமுள்ள மூன்றாம் மாடிக்குத் தூக்க நாம் செய்யும் வேலை 12 × 9.8 × 9 = சுமார் 1,058 ஜூல். பாட்டரிக்குள் அடைபட்டுள்ள ஆற்றலோ 51,84,000 ஜூல். தன்னைத்தானே 4,900 தடவை மாடிக்குத் தூக்கிக்கொள்ளப் போதும். மூச்சு வாங்கத் தூக்கிச் செல்பவருக்கு இது தெரிந்தால் கொஞ்சம் கோபம்கூட வரலாம்!

பெட்டியைத் திறந்து பார்க்க முயலாதீர்கள். உள்ளே இருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரல் நீள உருளைகளாக லித்தியம்-அயனி மின்கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்று கொண்டால், 12 கலங்களைப் பக்க இணைப்பில் சேர்த்து ஒரு குழுவாக்கி, அத்தகைய 13 குழுக்களைத் தொடரிணைப்பில் கோத்திருப்பார்கள். ஆக 156 மின்கலங்கள். கூடவே ஒரு மின்னணுப் பலகையும் உண்டு. அது ஒவ்வொரு குழுவின் மின்னழுத்தத்தையும், ஆங்காங்கே பதித்த உணரிகளின் வழியாக வெப்பநிலையையும் ஓயாமல் கவனிக்கிறது. எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கிறது. இதைப் பாட்டரியின் காவலர் என்போம். நல்லவேளையாக, வண்டியிலிருந்து பாட்டரியைப் பிரித்தாலும் காவலர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறார்.

காவலர் எதற்கு? பழைய ஈய-அமில பாட்டரிக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லையே என்று கேட்கலாம். ஈய-அமில பாட்டரியில் மின்னேற்றம் முடிந்த பிறகும் மின்சாரம் செலுத்தினால், அந்த மிகைமின்சாரம் அமிலத்திலுள்ள நீரைப் பகுத்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியேற்றும். வாலை வடிநீர் ஊற்றி ஈடுகட்டிவிடலாம். (அந்த ஹைட்ரஜனும் ஆபத்தானதே. அதனால்தான் பாட்டரிக் கடைகளில் சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் இருக்கவேண்டும், நெருப்பு கூடாது என்பார்கள்.) லித்தியம்-அயனி மின்கலத்தில் இப்படி ஒரு வடிகால் கிடையாது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து புறப்பட்டு, எதிர்மின்வாயான கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே போய் அமர்கின்றன. இடம் நிரம்பிய பின்னும் தள்ளினால், அவை லித்தியம் உலோகமாகவே கிராபைட்டின் மேல் படியத் தொடங்கும். அந்தப் படிவு ஊசிபோல் வளர்ந்து, இரு மின்வாய்களையும் பிரிக்கும் மெல்லிய தடுப்பைத் துளைக்கக்கூடும். மறுபக்கம், அளவுக்கு மீறி லித்தியத்தை இழந்த நேர்மின்வாயும் நிலை குலைகிறது.

எனவே மின்னேற்றி இருகட்டமாக வேலை செய்கிறது. குழாயைத் திறந்து குடம் பிடிக்கிறோம். முதலில் முழுவேகம், கழுத்தளவு வந்ததும் குழாயைச் சிறிதாக்குகிறோம் அல்லவா? அதேபோல முதற்கட்டத்தில் மாறாத மின்னோட்டம், உதாரணமாக 15 ஆம்பியர், செல்கிறது. ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னழுத்தம் அதற்குமேல் உயராமல் பிடித்து வைக்கப்படுகிறது. மின்னோட்டம் தானாகவே குறைந்துகொண்டே வந்து, மிகச் சிறிதானதும் மின்னேற்றி நின்றுவிடுகிறது. 13 குழுக்களுக்கும் சேர்த்து அந்த எல்லை 13 × 4.2 = 54.6 வோல்ட்.

இப்போது ஒரு விபரீதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் என்ற வேறு வகை மின்கலமும் வண்டிகளில் பயன்படுகிறது. அதன் உச்ச அழுத்தம் 3.65 வோல்ட். அதில் 16 கலங்களைத் தொடராகக் கோத்த பாட்டரிக்குரிய மின்னேற்றியின் அழுத்தம் 16 × 3.65 = 58.4 வோல்ட். இரண்டையும் கடைகளில் '48 வோல்ட் சார்ஜர்' என்றே சொல்வதுண்டு. செருகியும் சில சமயம் ஒன்றாகவே பொருந்திவிடும். அந்த மின்னேற்றியை நமது 13 குழுப் பாட்டரியில் மாட்டினால் ஒவ்வொரு கலத்துக்கும் 58.4 ÷ 13 = 4.49 வோல்ட். காவலர் துண்டித்தால் தப்பினோம். காவலர் பழுதானவரோ, விலை குறைப்பதற்காக ஒப்புக்கு வைக்கப்பட்டவரோ என்றால்? பொருந்துகிற செருகி எல்லாம் பொருத்தமான மின்னேற்றி ஆகாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள்தான் கணக்கோடு எடுத்துச்சொல்லவேண்டும்.

அடுத்தது சூடு. பல லித்தியம்-அயனி மின்கலங்களை 60 டிகிரி செல்சியஸ் வரை மின்னிறக்கம் செய்யலாம். ஆனால் மின்னேற்றம் செய்வதற்கு 45 டிகிரிதான் எல்லை. மே மாத வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ வண்டி ஓட்டி வந்தவுடன் பாட்டரியின் உட்புறம் இந்த எல்லையைத் தொட்டிருக்கலாம். கழற்றிக் கொண்டுவந்து நிழலான இடத்தில் அரைமணியோ ஒருமணியோ ஆறவிட்ட பிறகு இணைப்பதே முறை. மின்னேற்றியும் சூடாகும். 54.6 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் வெளியீடு 819 வாட். திறன் 90 சதவீதம் என்று கொண்டால் உள்ளீடு 910 வாட். மீதி 91 வாட்டும் வெப்பம்! பழைய 100 வாட் குண்டு பல்பின் அளவு. அதன்மேல் துணி காய்வதையும், அது மெத்தையில் கிடப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சுவரிலுள்ள பிளக்கையும் மறந்துவிடக்கூடாது. 910 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 4 ஆம்பியர். இது பெரிய மின்னோட்டமன்று. ஆனால் பிளக்கின் துளை தளர்ந்தோ கறுத்தோ இருந்து, தொடும் இடத்தில் 1.5 ஓம் மின்தடை ஏற்பட்டால், அங்கே எழும் வெப்பம் 4 × 4 × 1.5 = 24 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலின் திறன் 25 வாட்தான். அப்படிப்பட்ட கோல் ஒன்று பிளாஸ்டிக் பிளக்குக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்துகொண்டிருக்கிறது என்றால் என்ன ஆகும்? மலிவான நீட்டிப்புப் பலகைகளில் இதுதான் நடக்கிறது.

மின்கலம் ஒன்று எக்காரணத்தாலோ மிகையாகச் சூடாகிவிட்டால் நடப்பது ஒரு தொடர்வினை. நூறு டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கிராபைட்டின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து மேலும் வெப்பம் தருகிறது. 130 டிகிரி அளவில் பாலிஎதிலீன் தடுப்பு உருகுகிறது. மின்வாய்கள் ஒன்றோடொன்று தொடுகின்றன. இன்னும் சூடேறினால் நேர்மின்வாயின் ஆக்சைடே ஆக்சிஜனை விடுவிக்கிறது. காற்றுப் படாமல் மூடினால் தீ அணையும் என்று பாடத்தில் படித்தது இங்கே பலிக்காது. தீக்கு வேண்டிய ஆக்சிஜன் உள்ளிருந்தே வருகிறதே! ஒரு கலத்தின் வெப்பம் அடுத்ததைத் தாக்க, 156 கலங்களும் வரிசையாகப் பற்றலாம். வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் புளூரைடும் உண்டு.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்துக்குப் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து, தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், வண்டியிலிருந்து கழற்றி வீட்டுக்குள் இரவில் மின்னேற்றம் செய்த பாட்டரி வெடித்து முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஏப்ரலில் விஜயவாடாவில் படுக்கையறையில் வைத்திருந்த பாட்டரி ஓர் உயிரைப் பறித்தது. இவற்றுக்குப் பின் மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்னும் தரவிதியைத் திருத்தி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. கலங்களிடையே போதிய இடைவெளி, ஒரு கலம் பற்றினால் மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்ற சோதனை, நிரம்பியதும் துண்டிக்கும் மின்னேற்றி ஆகியவை அதில் அடங்கும்.

ஆயினும் பாட்டரியை வைக்கும் இடத்தைத் தேர்வது நம் கையில்தான் இருக்கிறது. படுக்கையறை கூடாது. வாசற்கதவின் அருகிலும் மாடிப்படியிலும் கூடாது. தீ எழுந்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். பூஜையறை விளக்கு, சமையலறை அடுப்பு இவற்றின் பக்கமும் ஆகாது. வெயிலும் மழையும் படாத பால்கனியின் சிமென்ட் தரை நல்ல இடம். எல்லாரும் விழித்திருக்கும் மாலை நேரமே ஏற்ற நேரம். இரவு பதினொரு மணிக்கு மாட்டிவிட்டுத் தூங்கும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. கீழே விழுந்து நசுங்கிய பாட்டரியும், நீரில் மூழ்கிய பாட்டரியும் வெளியே எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் விற்பனையாளரின் சோதனைக்குப் பிறகே வீட்டுக்குள் வரவேண்டும். அதிலிருந்து புகையோ சீறும் ஒலியோ வந்தால், தூக்கி எறிய முயலாமல், எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழைக்கவேண்டும்.

தைவான் நாட்டில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே கோகோரோ நிறுவனம் 2015-இல் தொடங்கிய முறையில், பாட்டரி வீட்டுக்கே வருவதில்லை. தெருவோர அலமாரியில் தீர்ந்த பாட்டரியைச் செருகிவிட்டு, நிரம்பிய வேறொன்றை எடுத்துப் போகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 கிலோகிராம். அலமாரி ஒவ்வொரு பாட்டரியின் வெப்பத்தையும் வயதையும் அறிந்து, அதற்கேற்ற வேகத்தில் மின்னேற்றுகிறது. பெங்களூரு போன்ற நம் நகரங்களிலும் இத்தகைய மாற்று நிலையங்கள் வந்துள்ளன.

இனி உங்களுக்கு ஒரு வேலை. தெரிந்தவர் வீட்டு மின்னேற்றியில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து, வெளியீட்டு வோல்ட்டை 4.2-ஆல் ஒருமுறையும் 3.65-ஆல் ஒருமுறையும் வகுத்துப் பாருங்கள். முழு எண் கிடைப்பது எதில்? 67.2 வோல்ட் என்று இருந்தால், அது எந்த வகைப் பாட்டரிக்கு உரியது? தொடரில் எத்தனை கலங்கள்? பிறகு அதே கணக்கை 84 வோல்ட்டுக்குச் செய்யுங்கள். சீட்டை மட்டும் பார்த்து ஏன் மின்னேற்றி வாங்கக்கூடாது என்பது விளங்கும்.