எந்த வீச்சுக்கு எந்த வட்டு?

டிஸ்க் கோல்ஃபுக்குப் புதிதாக வருகிறவர் கடையில் முதலில் தூக்குவது, இருப்பதிலேயே அதிக தூரம் போகும் வட்டைத்தான். நானும் ஒரு டிஸ்ட்ராயரோடுதான் ஆரம்பித்தேன். கைதேர்ந்தவர்கள் வீசினால் 120 மீட்டரைத் தாண்டும் வட்டு அது. என் கையிலிருந்து கிளம்பி 50 மீட்டர் போனதும் இடப்பக்கம் வளைந்து புதருக்குள் இறங்கியது. பத்து தடவை வீசினால் பத்து தடவையும் அதே புதர். வட்டின் மேல் தப்பில்லை.

அதனால் முதலில் எண்களைப் படிக்கப் பழகுங்கள். இன்னோவா உள்ளிட்ட பல நிறுவனங்கள் வட்டின் மேல் நான்கு எண்களை அச்சடிக்கின்றன: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். ஸ்பீட் என்பது, வட்டு ஒழுங்காகப் பறக்க உங்கள் கை கொடுக்க வேண்டிய வேகம். கிளைட், காற்றில் மிதக்கும் தன்மை. டர்ன், வேகம் குறையாத முதல் பாதியில் வலப்பக்கம் விலகுவது. மைனஸ் எண் கூடக்கூட விலகலும் கூடும். ஃபேட், வேகம் தணிந்ததும் கடைசியில் இடப்பக்கம் வளைவது. இதெல்லாம் வலக்கையால் பேக்ஹேண்ட் வீசுகிறவருக்கு. இடக்கைக்காரரும், வலக்கையால் ஃபோர்ஹேண்ட் வீசுகிறவரும் இடம் வலமாக மாற்றிப் படித்துக்கொள்ளட்டும்.

டிஸ்ட்ராயரின் எண்கள் 12, 5, -1, 3. என் கையில் 12 இல்லை. வேகம் போதாவிட்டால் டர்ன் எட்டிப் பார்க்காது. ஃபேட் மட்டும் சீக்கிரமே வந்துவிடும். புதரின் ரகசியம் இவ்வளவுதான்.

அடுத்து, வீச்சு தொடங்கும் இடமான டீயில் நின்றதும் பைக்குள் கையை விடாதீர்கள். வட்டு எந்தப் பக்கமாக வந்து எங்கே விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தூரத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

இலக்கான கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் என்றால் யோசனையே வேண்டாம், பட்டர் (putter) வட்டுதான். ஏவியர் 2, 3, 0, 1. மொத்தையான விளிம்பு, மெதுவான பறப்பு. சங்கிலியில் பட்டதும் பெரும்பாலும் கூடைக்குள் விழும். (அந்தச் சங்கிலிக் கூடையை 1970களில் உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். 2002இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். அவ்வளவு பித்து.) பட்டரைக் கூடையருகே மட்டும் எடுப்பது வீண். 50 மீட்டர் டீ வீச்சுக்கும் எடுங்கள். கை ஆடினால் உடனே காட்டிக்கொடுக்கும் வட்டு அது. அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இருபுறமும் மரங்கள் நெருக்கும் 60, 80 மீட்டர் சந்துக்கு மிட்ரேஞ்ச் வட்டு. டிஸ்க்ராஃப்டின் பஸ் 5, 4, -1, 1. எந்தச் சாய்வில் விட்டீர்களோ அந்தச் சாய்விலேயே போகும்.

அதற்கு மேல் தூரம் வேண்டுமா? ஃபேர்வே டிரைவர் போதும். 1983இல் இன்னோவாவின் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரித்துக் கூராக்கிய பிறகுதான் டிரைவர் என்ற இனமே வளர்ந்தது; கூர் கூடினால் தூரம் கூடும், கூடவே அடமும் கூடும். முதல் டிரைவராக நான் சொல்வது லெப்பர்ட்: 6, 5, -2, 1. அந்த -2 புதியவருக்கு வரம். மெதுவான கையில் அது கிட்டத்தட்ட நேராகவே போகும். கை தேறிய பிறகு இன்னொரு வித்தை செய்யலாம். வெளிவிளிம்பைத் தரைப்பக்கம் சாய்த்து, அதாவது ஹைசரில், வேகமாக வீசுங்கள். வட்டு சாய்ந்தே கிளம்பி, பத்திருபது மீட்டரில் மெல்ல நிமிர்ந்து, தட்டையாகி, நீளமாக மிதக்கும். முதல்முறை அது நிமிர்வதைப் பார்த்த அன்று நான் வேறெதுவும் வீசிப் பழகவில்லை.

பாதை இடப்பக்கம் திரும்பினால், ஃபயர்பேர்ட் போல ஃபேட் 4 உள்ள ஓவர்ஸ்டேபிள் வட்டு, அதாவது வலுவாக இடப்பக்கம் வளையும் வட்டு. வலப்பக்கம் திரும்பினால் அதையே ஃபோர்ஹேண்டில் வீசலாம். ஃபோர்ஹேண்ட் வராதவருக்கு லெப்பர்ட்.

இந்தக் கணக்கையெல்லாம் காற்று கலைத்துவிடும். எதிர்க்காற்றில் வட்டின் மேல் பாயும் காற்றின் வேகம் கூடுவதால் அது வலப்பக்கம் கவிழப் பார்க்கும். ஓவர்ஸ்டேபிள் வட்டை எடுத்துத் தாழ்வாக வீசுங்கள். பின்காற்றில் நேர்மாறு: மிதப்பு குறைந்து சீக்கிரம் இடப்பக்கம் இறங்கும். அப்போது லெப்பர்ட் போல டர்ன் அதிகமுள்ள அண்டர்ஸ்டேபிள் வட்டைக் கொஞ்சம் உயரமாக விடலாம்.

எடையும் பாருங்கள். 175 கிராம் வட்டு காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் 150, 160 கிராம் வட்டுக்குப் புதியவரால் எளிதாக வேகம் கொடுக்க முடியும். தேய்ந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். மரத்தில் மோதி மோதி விளிம்பு அடிபட்ட வட்டு, ஃபேட் குறைந்து டர்ன் கூடிய வேறொரு வட்டாகிவிடும். ராக் என்ற ஒரே மிட்ரேஞ்ச் வட்டில் புதிது, பாதி தேய்ந்தது, கிழடு என மூன்றை வைத்துக்கொண்டு மூன்று விதமாக வீசும் ஆட்டக்காரர்கள் உண்டு. மலிவான பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். பட்டருக்கு அதுவே போதும், பிடி நன்றாக இருக்கும்.

நிறம் மட்டும் புல்லோடு கலக்காததாக இருக்கட்டும், ரோஸ் நல்லது. அடிப்பக்கத்தில் அழியாத மையால் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். என் டிஸ்ட்ராயர் இரண்டு முறை அப்படித்தான் வீடு திரும்பியது.